உலக சுகாதார நிறுவனம் ஒரு நாட்டுக்குள் உண்மையில் என்ன வேலை செய்கிறது?

தேன்மொழி_டீச்சர் | செவ்வாய், காலை 9:10

அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நேற்று உலக சுகாதார நிறுவனம் பற்றிச் சொல்லும்போது, 1948 ஏப்ரல் 7-ல் தொடங்கியது, தலைமையகம் ஜெனீவா என்று பலகையில் எழுதிப் போட்டேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு பையன் எழுந்து, "டீச்சர், எங்க ஊர் ஆஸ்பத்திரியில அவங்க ஆள் ஒருத்தரும் இல்லையே, அப்போ அவங்க என்னதான் செய்றாங்க?" என்று கேட்டான்.

ஏழை நாடுகளுக்குப் பணமும் மருந்தும் கொடுப்பார்கள் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. நான் சொன்னது சரிதானா? இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். பையனுக்குச் சரியான பதிலைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கணக்கர்_திருச்சி | செவ்வாய், காலை 10:02

டீச்சர், பணம் என்ற பதிலை முதலில் தள்ளி வைத்துவிடலாம். 2024, 2025 இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து அவர்களுடைய மொத்த பட்ஜெட் சுமார் 683 கோடி டாலர். நம் ரூபாயில் 57,000 கோடி அளவுக்கு வரும். நம் மத்திய சுகாதார அமைச்சகத்துக்கு 2024-25 என்ற ஒரே ஆண்டுக்கு ஒதுக்கியது சுமார் 90,000 கோடி. ஆக, உலகம் முழுவதற்கும் அந்த இரண்டு வருடத்துக்கு அவர்கள் வைத்திருந்தது இந்த ஒரு அமைச்சகத்தின் ஒரு வருடப் பணத்தைவிடக் குறைவு. அதை வைத்து யாருக்கும் மருத்துவமனை கட்டித் தர முடியாது.

அந்தப் பணத்திலும் உறுப்பு நாடுகள் சந்தாவாகக் கட்டியது ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. மீதியெல்லாம் நாடுகளும் அறக்கட்டளைகளும் விரும்பித் தந்தது, பெரும்பாலும் "இந்த நோய்க்கு மட்டும்" என்று கட்டி வைத்துத் தந்தது. சந்தாப் பங்கைப் படிப்படியாகப் பாதி அளவுக்கு உயர்த்துவது என்று 2022-ல் உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டன. அமெரிக்கா விலகுவதாக 2025 ஜனவரியில் அறிவித்ததும் அவர்கள் ஏன் அப்படி ஆடிப்போனார்கள் என்பது இதில் இருந்தே புரியும்.

ஓய்வு_ஹெச்ஐ | செவ்வாய், பகல் 1:45

டீச்சரம்மா, நான் சுகாதார ஆய்வாளராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போலியோ சொட்டு மருந்து முகாம் எல்லோருக்கும் தெரியும். நாடு முழுக்க 1995-ல் தொடங்கியது. பூத், ஐஸ் பெட்டி, இடது கை சுண்டுவிரலில் மை வைப்பது எல்லாம் ஊர் பார்த்தது. ஊர் பார்க்காத வேலை ஒன்று 1997-ல் ஆரம்பித்தது. இந்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து தேசிய போலியோ கண்காணிப்புத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கின. அதில் எஸ்எம்ஓ, அதாவது கண்காணிப்பு மருத்துவ அலுவலர் என்று ஒரு டாக்டரைப் போடுவார்கள். எங்களுக்கு வந்தவர் வெளிநாட்டுக்காரர் இல்லை, நம் ஊர் டாக்டர்தான். ஒரு ஜீப், ஒரு பை நிறைய படிவங்கள், அவ்வளவுதான் அவருடைய அலுவலகம்.

முதல் கூட்டத்தில் எங்கள் மாவட்ட அறிக்கையை அவரிடம் பெருமையாகக் காட்டினோம். அந்த வருடம் திடீரென்று கை கால் தளர்ந்த குழந்தைகள் எத்தனை என்ற இடத்தில் பூஜ்யம். எங்கள் காலத்தில் பூஜ்யம் என்று எழுதினால் மேலிடத்தில் நல்ல பெயர். நோய் இருக்கிறது என்று எழுதினால் விளக்கம் கேட்டு மெமோ வரும். அதனால் எல்லோரும் பூஜ்யத்துக்குப் பழகியிருந்தோம்.

அவர் அதைப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "போலியோவே இல்லாத ஊரிலும் வேறு காரணத்தால் சில குழந்தைகளுக்குக் கை கால் தளரும். 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பேரில் வருடத்துக்கு ஒருவராவது கட்டாயம் இருப்பார். உங்கள் கணக்கில் ஒருவர்கூட இல்லை என்றால் உங்கள் ஊரில் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. நீங்கள் தேடவில்லை என்று அர்த்தம்."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. அன்றுவரை யாரும் எங்களை அப்படிக் கேட்டதில்லை. (அந்த ஒன்று என்ற அளவைப் பிறகு இந்தியா தனக்குத் தானே இரண்டாக உயர்த்திக்கொண்டது.)

அப்புறம் வேலையே மாறிப்போனது. அரசு ஆஸ்பத்திரி, தனியார் கிளினிக், எலும்பு வைத்தியசாலை, கயிறு மந்திரிக்கிற பெரியவர் வரைக்கும் பட்டியல் போட்டோம். வாரா வாரம் எல்லோரிடமும் கேட்க வேண்டும். இல்லை என்றாலும் "இல்லை" என்று எழுதி வாங்க வேண்டும். ஒரு குழந்தை இருப்பதாகத் தகவல் வந்தால் 48 மணி நேரத்துக்குள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கால் தளர்ந்த 14 நாளுக்குள், 24 மணி நேர இடைவெளி விட்டு இரண்டு முறை மலம் எடுக்க வேண்டும். அதை ஐஸில் வைத்து, சூடு ஏறாமல் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு அனுப்ப வேண்டும். பஸ்ஸில் மடியில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு சென்னை போயிருக்கிறேன். பெட்டியில் என்ன என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டால் மருந்து என்று சொல்லிவிடுவேன்.

60-வது நாள் அந்தக் குழந்தையை மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும். தளர்ச்சி இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா என்று எழுத வேண்டும்.

ஒரு குழந்தைக்காக ஏன் இவ்வளவு என்று நானும் நினைத்தேன். போலியோ கிருமி தொற்றுகிற சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கால் விழும். மற்றவர்கள் ஓடியாடிக்கொண்டே கிருமியைப் பரப்புவார்கள். கால் விழுந்த ஒரு பிள்ளையைத் தவறவிட்டால் அந்தக் கூட்டத்தையே தவறவிட்டதாக ஆகும்.

சொட்டு மருந்து கொடுத்தவர்கள் நம் செவிலியர்கள், அங்கன்வாடி அம்மாக்கள். மருந்துச் செலவில் பெரும்பங்கு நம் அரசுடையது. நிறுவனம் செய்தது, எண்ணுவதற்கு ஒரு முறையைக் கொடுத்ததும், நாங்கள் எழுதுவதை வந்து சரிபார்த்ததும். வெளியில் இருந்து பார்த்தால் சின்ன வேலையாகத் தெரியும். அது இல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் இன்றும் பூஜ்யம் எழுதிக்கொண்டிருப்போம்.

மாற்றுக்கருத்து | செவ்வாய், மாலை 5:20

ஹெச்ஐ ஐயா, உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. எங்கோ உட்கார்ந்து ஒரு நோயைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு ஊர் முழுக்க அந்த ஒரு நோய்க்காக ஓடுகிறது. 2000-களில் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் ஒரே வருடத்தில் எத்தனை சுற்று சொட்டு மருந்து! அந்த நாட்களில் மற்ற தடுப்பூசி வேலை என்ன ஆனது? வயிற்றுப்போக்கில் இறக்கிற குழந்தையைக் கேட்காமல், சொட்டு மருந்துக்கு மட்டும் வீடு தேடி வருகிறார்களே என்று அங்கே மக்கள் கேட்டது நியாயமான கேள்வி.

வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் ஜேக்கப் ஜானும் வாய்வழி மருந்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது, ஊசி மருந்தும் வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். சொட்டு மருந்தில் இருக்கும் உயிருள்ள கிருமியே மிக அரிதாகக் குழந்தையை முடக்கும். இந்தியாவில் ஊசி மருந்து வந்தது 2015 நவம்பரில்தான். வல்லுநர் சொன்னதைக் கேட்க இவ்வளவு காலமா?

ஆய்வகத்து_அக்கா | செவ்வாய், இரவு 8:33

மாற்றுக்கருத்து தம்பி கேட்டதில் பாதிக்கு மேல் நான் ஒத்துப்போகிறேன். ஊசி மருந்து தாமதமாகத்தான் வந்தது. அதற்கு விலை, உற்பத்தி என்று காரணங்கள் சொன்னார்கள். எனக்கு அவை போதுமானதாகப் படவில்லை.

ஆனால் உ.பி., பீகார் விஷயத்தில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே எத்தனை முறை கொடுத்தாலும் சில இடங்களில் நோய் நிற்கவில்லை. நெரிசல், கழிவுநீர், ஓயாத வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்து மருந்து குடலில் சரியாகப் பிடிக்கவிடாமல் செய்தன. இதைக் கண்டுபிடித்ததே அந்தக் கணக்கெடுப்புதான். எந்தக் குழந்தைக்கு எத்தனை முறை கொடுத்தார்கள், பிறகும் நோய் வந்ததா என்று ஒவ்வொருவருக்கும் பதிவு இருந்தது. அதைப் பார்த்துத்தான் 2005-ல் ஒரே வகைக் கிருமிக்கான சொட்டு மருந்தும், 2010-ல் இரண்டு வகைக்கானதும் வந்தன. நோய் விடாத 107 வட்டாரங்களைத் தனியே எடுத்து, சொட்டு மருந்தோடு வயிற்றுப்போக்கு மருந்து, குடிநீர், கழிப்பறை என்று சேர்த்துத் திட்டம் போட்டதும் அதனால்தான். அதாவது அந்த மக்கள் கேட்ட கேள்விக்குத் தாமதமாகவாவது பதில் போனது. பீகாரில் கோசி ஆற்றுப் படுகையில் வெள்ளம் வந்தால் ஊரே இடம் மாறும். அங்கெல்லாம் படகில் போய்க் கொடுத்தார்கள்.

எண்களைப் பாருங்கள். 2009-ல் இந்தியாவில் போலியோ வந்தது 741 குழந்தைகளுக்கு, உலகக் கணக்கில் ஏறத்தாழ பாதி. 2010-ல் 42. 2011-ல் ஒன்றே ஒன்று, மேற்கு வங்கம் ஹவுராவில், ஜனவரி 13. அதற்குப் பிறகு இயற்கைக் கிருமியால் (சொட்டு மருந்தில் இருக்கும் கிருமி அல்ல) ஒருவர்கூட இல்லை. 2014 மார்ச் 27-ல் நம் தென்கிழக்கு ஆசியப் பகுதியின் 11 நாடுகளுக்கும் சேர்த்துப் போலியோ இல்லை என்று சான்று கொடுத்தார்கள்.

ஹெச்ஐ சார் மடியில் வைத்துக்கொண்டு வந்த மாதிரிப் பெட்டிகள் என்னைப் போன்றவர்களிடம்தான் வந்து சேரும். (நான் வேறு மாநிலத்தில் இதே வலையமைப்பில் இருந்த ஒரு ஆய்வகத்தில் இருந்தேன்.) எல்20பி என்று ஒரு செல் வகை உண்டு. எலியின் செல்லில் போலியோ கிருமி ஒட்டிக்கொள்ளும் மனித வாசலை மட்டும் புகுத்தி வைத்தது. அதில் வளர்ந்தால் பெரும்பாலும் அது போலியோதான். உலகத்தில் எந்த ஆய்வகமாக இருந்தாலும் இதே செல், இதே படிகள், இதே நாள் கணக்கு.

வருடத்துக்கு ஒருமுறை எங்களுக்கும் பரீட்சை நடக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் சில குப்பிகள் வரும். எதில் கிருமி, எந்த வகை என்று நாங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். தவறினால் அங்கீகாரம் போய்விடும். அந்த வாரம் முழுக்க எங்களுக்குச் சாப்பாடு இறங்காது. அந்தப் பரீட்சை இருந்ததால்தான் நாங்கள் "போலியோ இல்லை" என்று எழுதினால் உலகம் நம்பியது.

மாற்றுக்கருத்து | செவ்வாய், இரவு 9:05

நன்றி அக்கா. 107 வட்டாரத் திட்டத்தில் குடிநீரும் கழிப்பறையும் இருந்தது எனக்குத் தெரியாது. ஊசி மருந்து பற்றிய என் கருத்து அப்படியே இருக்கிறது.

வவுனியன் | புதன், அதிகாலை 5:50

நான் இலங்கையில இருந்து எழுதுறன். எங்கட மலேரியாக் கதையையும் கேளுங்கோ, டீச்சருக்குப் பயன்படும். முடிஞ்சளவு எழுத்துத் தமிழிலேயே எழுதுகிறேன்.

1934-35-ல் இங்கே வந்த மலேரியாவில் சுமார் 80,000 பேர் செத்தார்கள். பிறகு 1946-ல் இருந்து டிடிடி பூச்சிமருந்து அடித்து அடித்து, 1963-ல் நாடு முழுக்க 17 நோயாளிகள் மட்டும். எல்லோருக்கும் சந்தோசம். மருந்தடிப்பைக் குறைத்தார்கள், காசையும் குறைத்தார்கள். அஞ்சாறு வருசத்துக்குள்ளே ஐந்து லட்சத்துக்கு மேலே நோயாளிகள். என்ர அம்மம்மா இரண்டு காலத்தையும் கண்டவ. "போன காய்ச்சல் திரும்பி வந்தா அது கோவத்தோட வரும்" என்று சொல்லுவா.

நான் வட இலங்கையின் வன்னியில் வளர்ந்த காலத்தில் மலேரியாக் காய்ச்சல் வராத வீடே இல்லை. 1999-ல் நாடு முழுக்க 2,64,000 பேருக்கு மேல். அதற்குள்ளே சண்டை. ஆனாலும் நுளம்பு (கொசு) வலையும் மாத்திரையும் இரண்டு பக்கத்துக்கும் போனது. மலேரியாத் தடை இயக்கத்து ஆட்கள் விரலில் குத்தி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசிக்கொண்டு போவார்கள். நடமாடும் கிளினிக்கும் வந்தது. வேலை முழுக்க இலங்கைச் சுகாதாரத் துறையுடையது. காசில் பெரிய பங்கு பிறகு உலக நிதியம் என்கிற வேறு அமைப்பிடம் இருந்து வந்தது.

அப்ப உலக சுகாதார நிறுவனம் என்ன செய்தது? கடைசி உள்நாட்டு நோயாளி 2012 ஒக்டோபரில். அதற்குப் பிறகு நாங்களே "முடிஞ்சுது" என்று அறிவித்திருக்கலாம். ஆனால் அவர்களுடைய விதி, மூன்று வருசம் தொடர்ந்து ஒருவர்கூட உள்நாட்டில் தொற்றி இருக்கக் கூடாது. அதோடு, நோய் திரும்பி வந்தால் பிடிக்கிற ஏற்பாடு இருக்கிறதா என்று வெளியில் இருந்து ஒரு குழு வந்து பார்க்கும். பதிவேடுகளைப் புரட்டும். 1963-ல் எங்களிடம் அப்படி யாரும் கேட்கவில்லை. 2016-ல் கேட்டார்கள். அந்த வருசம் செப்டம்பர் 5-ந் தேதி சான்றிதழ் தந்தார்கள்.

அதே வருசக் கடைசியில் மன்னாரில் மலேரியாவைப் பரப்பும் ஸ்டெபன்சி என்கிற இந்திய நகரத்து நுளம்பு கிணறுகளில் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். 2018-ல் வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு ஆளிடம் இருந்து இங்கே உள்ள ஒருவருக்குத் தொற்றியது. உடனே பிடித்துவிட்டார்கள், பரவவில்லை. சான்றிதழ் கிடைச்சதும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் பிடித்திருப்பார்களா?

தேன்மொழி_டீச்சர் | புதன், காலை 8:15

படிக்கப் படிக்க எனக்கே ஒரு வருடப் பாடம் கிடைத்துவிட்டது. வவுனியன் அண்ணா, உங்கள் அம்மம்மா சொன்னதை வகுப்பில் சொல்லலாமா?

ஒரு சந்தேகம். ஒரு நாடு "எங்களிடம் நோய் இல்லை" என்று மறைத்தால் அவர்களால் என்ன செய்ய முடியும்?

கணக்கர்_திருச்சி | புதன், காலை 9:40

கட்டாயப்படுத்த முடியாது டீச்சர். சர்வதேச சுகாதார விதிகள் என்று 2005-ல் நாடுகள் ஒப்புக்கொண்ட உடன்பாடு இருக்கிறது. ஆபத்தான நோய் தெரிந்தால் சொல்ல வேண்டும் என்பது கடமை. சொல்லாவிட்டால் அபராதம், தண்டனை எதுவும் இல்லை.

அவர்களே தாமதித்த கதையும் உண்டு, அதையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியது 2014 மார்ச்சிலேயே தெரியும். உலக அவசரநிலை என்று அறிவித்தது ஆகஸ்ட் 8-ல். அதற்குள் மூன்று நாடுகளில் நிலைமை கை மீறிப்போயிருந்தது. அந்தத் தாமதத்தில் போன உயிர்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

கிராமத்து_நர்ஸ் | புதன், பகல் 2:25

நான் இன்னும் பணியில் இருக்கிறேன், அதனால் ஊர் சொல்லவில்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் முதலில் தொடங்கிய மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும். வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வந்தது. குழந்தை பிறக்காமல் போகும், வெளிநாட்டுச் சதி என்றெல்லாம். பள்ளிக்கூட வாசலில் இருந்து பெற்றோர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு அம்மா என் கையைத் தட்டிவிட்டார். முகாமையே நீட்டிக்க வேண்டியதாகிவிட்டது.

அப்போது எங்கள் பகுதிக்கு வந்த கண்காணிப்பு டாக்டர், போலியோவுக்கு வந்த அதே அமைப்பின் ஆள். எங்களைத் திட்டவில்லை. ஊசி போட்ட ஊருக்குள் வீடு வீடாகப் போய், பிள்ளைக்குப் போட்டார்களா, போடவில்லை என்றால் ஏன் என்று கேட்டு எழுதினார். சாயங்காலம் எங்களோடு உட்கார்ந்து, "இந்தத் தெருவில் ஒன்பது வீட்டில் பயம், மூன்று வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், இரண்டு வீட்டில் யாருமே சொல்லவில்லை" என்று பிரித்துக் காட்டினார். அதுவரை எல்லோரும் மறுக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லாத இரண்டு வீட்டுக்கு மறுநாள் காலையிலேயே போய்ப் போட்டுவிட்டு வந்தேன். என் கையைத் தட்டிவிட்ட அம்மா பத்து நாள் கழித்து அவரே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஓய்வு_ஹெச்ஐ | புதன், மாலை 6:30

நர்ஸம்மா, கை தட்டிவிட்டவர் வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நல்லா இருங்க.

டீச்சரம்மா, ஒரு யோசனை. பிள்ளைகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மருத்துவ அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சொட்டு மருந்துக் குப்பியின் லேபிளில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து நல்லது. சூடு படப் பட சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலோ அதைவிடக் கறுத்துவிட்டாலோ தூக்கிப் போட வேண்டும். அதை அந்தப் பையனுக்குக் காட்டுங்கள். அவன் தேடுகிற ஆள் அந்தச் சதுரத்தில்தான் இருக்கிறார்.

தேன்மொழி_டீச்சர் | சனி, பகல் 12:10

ஐயா, போய் வந்துவிட்டோம்! 14 பிள்ளைகள். செவிலியர் அக்கா குளிர்பெட்டியைத் திறந்து, ஒரு குப்பியைக் கையில் எடுத்துக் காட்டினார். வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். நம்ம பையன் மட்டும் இரண்டாவது முறை போய்ப் பார்த்துவிட்டு, "எவ்ளோ நேரம் வெயில்ல இருந்தா கறுக்கும்னு யார் முடிவு பண்ணாங்க?" என்று கேட்டான். அக்காவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மருந்தாளுநர்_கோவை | சனி, மாலை 4:48

இழையை இப்போதுதான் பார்த்தேன். இது என் தொழில் சம்பந்தப்பட்டது, சொல்கிறேன்.

அந்தச் சதுரத்தில் ஒரு வேதிப்பொருள் பூசியிருக்கும். சூட்டில் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கறுக்கும். எந்தத் தடுப்பு மருந்து எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கேற்ப உலக சுகாதார நிறுவனம் 2, 7, 14, 30 என்று பல வகை வைத்திருக்கிறது. அந்த எண், 37 டிகிரி சூட்டில் எத்தனை நாளில் சதுரம் கறுத்து முடியும் என்பது. மிகவும் மென்மையானது போலியோ சொட்டு மருந்து, அதனால் அதற்கு 2. முதன்முதலில் இந்த அடையாளம் வந்ததும் போலியோ குப்பியில்தான், 1996-ல். அதற்கு முன்பெல்லாம் கரண்ட் போய்விட்டால் நல்ல மருந்தையும் சந்தேகத்தில் கொட்டுவார்கள், கெட்டதையும் தெரியாமல் கொடுப்பார்கள்.

தயாரிப்பது ஒரு கம்பெனி, ஒட்டுவது மருந்துத் தொழிற்சாலை, பார்ப்பது உங்கள் ஊர் செவிலியர். எத்தனை நாளில் கறுக்க வேண்டும் என்ற அளவுகோல் மட்டும் அவர்களுடையது.

தேன்மொழி_டீச்சர் | சனி, மாலை 5:15

37 டிகிரியில் 2 நாள். எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு குப்பியின் படத்தையும் பெரிதாக வரைந்து எடுத்துப் போகிறேன். மிக்க நன்றி.